கண்ணாடி கொளுவ ஒரு காது

பிறக்கும்போதே எனக்கு வலது காது இல்லை. காது இருக்க வேண்டிய இடத்தில் கச்சான் கடலை அளவில் ஒரு சதைத் துண்டு இருந்தது. துளை கிடையாது. அந்தப் பக்கம் கேட்கவும் கேட்காது. இடது காது நன்றாகக் கேட்கும். வீட்டில் யாராவது என்னைப் பற்றி மெதுவாகக் கதைத்தால் அடுத்த அறையில் இருந்தே பதில் சொல்லுவேன்.

இதைச் சொன்னவுடன் சிலர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதிக் கோபம் வந்தது.

நாங்கள் இருப்பது உருத்திரபுரத்தில். அப்பா வயல் செய்கிறார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் மாமி இருக்கிறார், அப்பாவின் அக்கா. நான் பிறந்து மூன்றாம் நாளே, அம்மா வயிற்றில் பிள்ளையோடு கிரகண நேரத்தில் எதையோ வெட்டியிருக்கிறார் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். அம்மா கலண்டரை எடுத்து, அந்தப் பத்து மாதத்திலும் கிரகணமே வரவில்லை என்று தாள் தாளாகக் காட்டியிருக்கிறார். மாமி எல்லாத் தாளையும் பார்த்துவிட்டு, இலங்கையில் தெரியாத கிரகணம் வேறு நாட்டில் தெரிந்திருக்கும் என்றாராம். அம்மா இந்தக் கதையை எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் நடந்தது மாதிரிக் கோபப்படுவார்.

காது இல்லாததால் எனக்கு ஒரு தொல்லையும் இருக்கவில்லை, தரம் ஐந்து வரை. தரம் ஐந்தில் கண் மங்கியது. கரும்பலகையில் ரீச்சர் எழுதுவது எறும்பு ஊர்வது மாதிரித் தெரிந்தது. கிளிநொச்சியில் கண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் தொடங்கியது.

கண்ணாடி மூக்கில் நிற்கிற சாமான் என்று இரண்டு காதும் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். மூக்கு சும்மா உதவிக்குத்தான். கண்ணாடியின் இரண்டு கைகளும் இரண்டு காதுக்குப் பின்னால் கொளுவினால்தான் அது முகத்தில் நிற்கும். எனக்கு இடது கை கொளுவும். வலது கை ஒன்றும் இல்லாத இடத்தில் வழுக்கிக்கொண்டு கீழே வரும். கொஞ்சம் குனிந்தால் கண்ணாடி முழுவதும் இடது காதில் ஊஞ்சல் ஆடும்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பாவாடைக்குப் போடுகிற இலாஸ்ரிக்கை இரண்டு கைகளிலும் தைத்துத் தலைக்குப் பின்னால் கட்டிவிட்டார். இறுக்கிக் கட்டினால் தலையிடி. தளர்த்திக் கட்டினால், எண்ணெய் வைத்த தலையில் இலாஸ்ரிக் மேலே மேலே ஏறி, கடைசியில் கண்ணாடி கழன்று சோற்றில் விழும். பள்ளிக்கூடத்தில் பெடியள் எந்தக் கிணற்றுக்குள் இறங்கப் போகிறாய் என்று கேட்டார்கள். இரண்டு பேரை அடித்தேன். மூன்றாவது ஆள் என்னை விட உயரம், ஆகவே அவனைத் திட்டியதோடு விட்டேன். பிறகு கண்ணாடியைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். எழுத வேண்டிய நேரத்தில் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எழுதுவேன். கொப்பி வழுக்கிக்கொண்டு போகும். அதுவும் அலுத்தால் பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்து எழுதுவேன். அவளுடைய பிழைகளையும் சேர்த்து எழுதியதால் இரண்டு பேருக்கும் அடி விழுந்தது.

அதற்குள் கொரோனா வந்தது. எல்லோருக்கும் மாஸ்க் இரண்டு காதில் கொளுவியது. எனக்கு இடது காதில் கொளுவிக் கொடி மாதிரித் தொங்கியது. பள்ளிக்கூட வாசலில் நின்ற வாத்தியார் சேர், மாஸ்க்கை ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினார். நான் பின்னலை ஒதுக்கி வலது பக்கத்தைக் காட்டினேன். அதன் பிறகு ஒரு வருடம் அந்தச் சேர் என்னைக் கண்டால் வானத்தைப் பார்த்தார்.

இவ்வளவு பேருக்குள் உருப்படியாகக் கதைத்தவர் கண் டொக்டர் ஒருவர்தான். அடுத்த முறை போனபோது இலாஸ்ரிக்கைப் பார்த்துவிட்டு, காது ஒன்று செய்து வையுங்கள், கொழும்பில் செய்கிறார்கள் என்றார். அவர் பகிடி விடுகிறார் என்று அம்மா நினைத்தார். டொக்டர் கடிதம் எழுதத் தொடங்கிய பிறகுதான் அம்மா வாயை மூடினார்.

கொழும்புக்கு நானும் அம்மாவும் போனோம். மாமியும் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அப்பா விதைப்பு நேரம் என்று நின்றுவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் காது செய்கிற டொக்டருக்குச் சிங்களமும் இங்கிலீசும்தான் தெரியும். வவுனியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மிஸ் அங்கே தாதியாக இருந்தார். அவர்தான் எங்களுக்கும் டொக்டருக்கும் நடுவில் கதைத்தார். அம்மா அவரிடம் பத்து நிமிடம் மூச்சு விடாமல் சொன்னார்: வயிற்றில் நான் இருந்தது, கிரகணம் வராதது, மாமி சொன்னது, கண்ணாடி, இலாஸ்ரிக், மாஸ்க், வானத்தைப் பார்த்த சேர். மாமி இடையிடையே திருத்தம் சொன்னார். மிஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு டொக்டரின் பக்கம் திரும்பி மூன்று சொல் சொன்னார். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. என்ன சொன்னீர்கள் என்று நான் பிறகு கேட்டேன். எப்போது செய்யலாம் என்று கேட்டதாகச் சொன்னார். அது போதும்தானே.

டொக்டர் விளக்கினார். நெஞ்சில் விலா எலும்பின் நுனியில் இருக்கிற குருத்தெலும்பைக் கொஞ்சம் எடுப்பார்கள். அதைக் காது மாதிரிச் செதுக்குவார்கள். தலைத் தோலுக்குக் கீழே வைத்துத் தைப்பார்கள். இது முதலாவது ஒப்பரேஷன். அப்போது காது தலையோடு ஒட்டித் தட்டையாக இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டாவது ஒப்பரேஷனில் அந்தக் காதைத் தலையில் இருந்து தூக்கி, பின்னால் ஒரு இடைவெளி செய்வார்கள். கேட்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் சொன்னார். நான் மிஸ்ஸிடம் ஒன்றுதான் கேட்டேன்: கண்ணாடி எப்போது நிற்கும்? டொக்டர் தன் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் செருகிக் காட்டினார். இந்த இடைவெளி வந்த பிறகு, அதாவது இரண்டாவது ஒப்பரேஷனுக்குப் பிறகு.

எனக்கு விளங்கிவிட்டது. எனக்குத் தேவை காது இல்லை, காதுக்குப் பின்னால் இருக்கிற அந்த இடம். அம்மாவுக்கும் மாமிக்கும் விளங்கியது வேறு. அவர்கள் தோடு, கல்யாணம் என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

பிறகு டொக்டர் ஒரு கண்ணாடித் தாளை என் இடது காதில் வைத்து அளவு வரைந்தார். புதுக் காது அதே மாதிரி இருக்க வேண்டுமாம். என் இடது காது அப்பாவின் பக்கத்துக் காது. பெரியது, வெளியே தள்ளி நிற்கும். மாமிக்கு அதே காது இரண்டு இருக்கிறது. மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா, புதிதாகச் செய்கிறபடியால் கொஞ்சம் சின்னதாகச் செய்ய முடியாதா என்று கேட்டார். மிஸ் அதை டொக்டரிடம் சொல்லவே இல்லை.

உடனே செய்ய முடியாது என்றார்கள். நெஞ்சு போதாது, குருத்தெலும்பு எடுக்கிற அளவுக்கு வளர வேண்டும். அன்றிலிருந்து ஒரு வருடம் அம்மா என் நெஞ்சை வளர்த்தார். உளுத்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய். வெள்ளிக்கிழமைகளில் தையல்காரரின் அளவு நாடாவைச் சுற்றி அளப்பார். அளக்கும்போது மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லுவார். அது கள்ள அளவு என்று சொன்னால் வாயைப் பொத்து என்பார். களி எல்லாம் வயிற்றுக்குத்தான் போனது.

அடுத்த வருடம் பள்ளிக்கூட விடுமுறையில் முதலாவது ஒப்பரேஷன் நடந்தது. காது வலிக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். காது ஒன்றும் செய்யவில்லை, நெஞ்சுதான் வலித்தது. இருமினால் வலி, தும்மினால் வலி, சிரித்தால் உயிர் போனது. சிரிக்காமல் இருப்பது எனக்கு இலகு என்று நினைத்தேன், ஏனென்றால் எனக்குப் பொதுவாகச் சிரிப்பு வருவதில்லை. ஆனால் மாமி துணைக்கு வந்து நின்றார். கேட்பதற்குச் சம்பந்தம் இல்லை என்று டொக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. கட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "பிள்ளை, மாமி கதைக்கிறன். கேக்குதோ?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் இடது காதால் கேட்டுவிட்டு ஓம் என்றேன். மாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வாட்டில் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னார். பக்கத்துக் கட்டில் அக்காவுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். அவரும் வந்து கட்டுக்குள் சிங்களத்தில் ஏதோ சொல்லிப் பார்த்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நெஞ்சுத் தையல் பிரிந்துவிடும் என்று மிஸ் வந்து எல்லோரையும் துரத்தினார்.

வீட்டுக்கு வந்தேன். கட்டைப் பிரிக்க முதலே, மூன்றாம் வாரத்தில், நான் பெரியபிள்ளையானேன். அதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. தலையில் தண்ணீர் வார்ப்பது மாமியின் உரிமை. வலது பக்கம் ஒரு துளியும் படக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அம்மா ஒரு ஷொப்பிங் பையை வெட்டி, என் பாதித் தலையில் போட்டு, பிளாஸ்ரரால் ஒட்டினார். மாமி குடத்தைச் சரித்து இடது பாதியில் மட்டும் வார்த்தார். கணக்குப்படி நான் இன்னும் பாதிதான் பெரியபிள்ளை.

கட்டுப் பிரித்த அன்று அப்பா என் வலது பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வயலுக்குப் போனார். மாமி, அச்சு அசல் எங்கள் காது என்றார். அது உண்மை. மேல் மடிப்பு, உள் மடிப்பு, தோடு போடுகிற சோணை, எல்லாம் இருந்தது. முன்னால் நின்று பார்த்தால் எனக்கு இரண்டு காது. நான் அறைக்குள் போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். வலது கை காதின் மேல் ஏறி, வழுக்கிக் கன்னத்துக்கு வந்தது. டொக்டர் சொன்னபடிதான், காது தலையோடு ஒட்டியிருந்தது. இன்னும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மற்றவர்களுக்கு ஆறு மாதம் தேவைப்படவில்லை. அவர்களுக்குக் காது வந்துவிட்டது, கதை முடிந்துவிட்டது. இனிப் பெரியபிள்ளையானதற்கான சடங்கு, சாமத்தியவீடு.

அறுவடை முடிந்ததும் நாள் வைத்தார்கள். கிளிநொச்சியில் இருந்து அலங்காரம் செய்கிற அக்கா ஒருவர் வந்தார். புதுக் காதில் துளை குத்தக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதை அந்த அக்காவுக்கு மூன்று முறை சொன்னார். அவரும் நல்ல மனிதர், சரி என்று இடது காதில் மட்டும் ஜிமிக்கியைப் போட்டார். மாமி கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். ஒரு காதில் ஜிமிக்கியோடு பிள்ளையை மண்டபத்தில் நிற்பாட்டினால், இவ்வளவு பட்டு என்ன பிரயோசனம் என்பது அவருடைய கேள்வி. பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"குத்தக்கூடாது எண்டுதானே டொக்டர் சொன்னவர். ஒட்டக்கூடாது எண்டு சொல்லேல்லையே."

அலங்கார அக்கா இமை ஒட்டுகிற பசையை வைத்துப் பார்த்தார். ஜிமிக்கி கனம், நிற்கவில்லை. மாமி போய் அலுமாரியைத் திறந்து, அப்பா செருப்பு ஒட்டுகிற பசைக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். புதுக் காதில் உணர்ச்சி இல்லை, தொட்டால் தெரியாது. அவர்கள் ஒட்டும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதில் என்னுடைய குற்றமும் இருக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஜிமிக்கி ஆடியது, நன்றாக இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் எடுக்க வந்தவருக்கு மாமி கட்டளை போட்டார். அல்பத்தில் நான் எல்லாப் படத்திலும் வலது பக்கத்தையே காட்டிக்கொண்டு நிற்கிறேன். இடது காது இருப்பதற்கு ஆதாரமே இல்லை.

பின்னேரம் மாமி ஜிமிக்கியைக் கழற்றினார். கழன்று வரவில்லை. இழுத்தார். தோலோடு வந்தது. மஞ்சள் பூசிவிட்டார். எனக்கு நோகவில்லை, ஆகவே ஒருவரும் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் தலை பின்னும்போது அம்மா சீப்பைக் கீழே போட்டார். சோணை கறுத்திருந்தது, ஓரத்தில் மஞ்சளாக நீர் வடிந்தது.

காலை ரெயினில் கொழும்புக்குப் போனோம். அம்மா வழி முழுவதும் ஒரு கதையைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார்: தானாக வந்தது, ஏதாவது பூச்சி கடித்திருக்கும். டொக்டர் காதைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தார். பிறகு மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் அம்மாவைப் பார்த்தார். அம்மா பூச்சி என்று தொடங்கினார். நான் குறுக்கே விழுந்து, செருப்புப் பசை என்றேன்.

இந்த முறை மிஸ் ஒன்றையும் சுருக்கவில்லை. நான் சொன்னதை எல்லாம் சொன்னார். டொக்டர் சொன்னதை எல்லாம் எங்களுக்குச் சொன்னார். மேல் தோல்தான் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே வைத்த குருத்தெலும்பு வெளியே தெரியும். தெரிந்தால் கிருமி பிடிக்கும். பிடித்தால் முழுக் காதையும் எடுக்க வேண்டும். திரும்பச் செய்ய, நெஞ்சில் அதே இடத்தில் இனிக் குருத்தெலும்பு இல்லை. இரண்டாவது ஒப்பரேஷனைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது.

"மகள், நீங்க பிச்சு எடுத்தது தோடு இல்ல," என்றார் மிஸ். "அவர் நாலு மணித்தியாலம் குந்தியிருந்து செதுக்கின காது."

அம்மா அழுதார். நான் அழவில்லை. எனக்கு அப்போது மாமியை என்ன செய்யலாம் என்ற யோசனை மட்டும்தான்.

பன்னிரண்டு நாள் வாட்டில் கிடந்தேன். தினமும் மருந்து கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் டொக்டர் ஒரு சின்ன ரோர்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே குருத்தெலும்பு வெள்ளையாகத் தெரிகிறதா என்று நான் மிஸ்ஸின் முகத்தைப் பார்ப்பேன். ஏழாம் நாள் மிஸ்ஸின் முகம் லேசானது. பதினோராம் நாள் புதுத் தோல் பிடித்துவிட்டது என்றார். வீட்டில் மாமி பன்னிரண்டு நாளும் ஒரு நேரம்தான் சாப்பிட்டாராம். நான் திரும்பி வந்தபோது வாசலில் நின்றார், கிட்ட வரவில்லை. கோபத்தில் வைத்திருந்த சொற்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தன. ஆனால் அவர் மெலிந்திருந்தார். ஒரு மாதம் கதைக்காமல் இருந்தேன், அதோடு விட்டுவிட்டேன்.

சோணையில் ஒரு சின்னப் பள்ளம் மிச்சம். மற்றப்படி காது தப்பியது. ஆறு மாதத்துக்குப் பிறகு டொக்டர் பார்த்துவிட்டு, இப்போது செய்யலாம் என்று நாளும் குறித்துக் கடிதம் தந்தார். பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டும்.

அப்பா வைக்க மாட்டேன் என்றார். கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். ஒருமுறை போகப் பார்த்தது; திரும்ப வெட்டி, இருக்கிறதும் போனால் என்ன செய்வது என்பது அவருடைய கதை. அவர் பயந்துவிட்டார், அது எனக்குத் தெரியும். அம்மாவும் அவர் பக்கம். மாமி வாயே திறக்கவில்லை. பசைக்குப் பிறகு காது விஷயத்தில் அவர் வாய் திறப்பதில்லை. சொந்தக்காரர் வந்தால் அல்பத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வடிவாக இருக்கிறதே, இனி என்ன என்று கேட்டார்கள். கண்ணாடி நிற்கவில்லை என்று சொன்னால், பெண்பிள்ளைக்குக் கண்ணாடி இல்லாமல் இருப்பதுதான் வடிவு என்றார்கள். நான் அப்போது தரம் ஒன்பது. கணிதத்தில் முப்பத்தியொரு மார்க். கரும்பலகையில் மூன்றும் எட்டும் எனக்கு ஒன்றுதான்.

அழுது கேட்டுப் பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒப்பரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது.

அப்பா எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று எழுதிய பட்டியலைக் கூட்டத்தில் வாசிப்பது அவருடைய வேலை. வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கூட்டத்துக்கு முதல் நாள் அவருடைய கண்ணாடியை எடுத்து, வலது கையை முறித்துவிட்டு, மற்றதைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். முறித்த துண்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்.

கூட்டத்துக்கு நானும் போனேன். அப்பா எழும்பினார், ஒலிவாங்கியை வாங்கினார், கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். சற்று நேரம் பெட்டிக்குள்ளேயே பார்த்தார். பிறகு கண்ணாடியை இடது காதில் கொளுவி, வலது பக்கத்தைக் கையால் பிடித்தார். மற்றக் கையில் ஒலிவாங்கி. பட்டியலைப் பிடிக்கக் கை இல்லை. ஒருவர் எழும்பி வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். அதை அப்பாவின் நெற்றிக்கு நேரே பிடித்தார். பட்டியலை எடுத்துத் தாளைத் திருப்பினால் கண்ணாடியை விட வேண்டும். விட்டால் அது மூக்கில் இருந்து இறங்கி இடது காதில் தொங்கியது. தூக்கி வைத்து, விட்ட இடத்தைத் தேடி, வேறு வரியில் தொடங்கினார். மூன்றாம் வாய்க்காலுக்கு வியாழக்கிழமை என்று வாசித்தார். ஐந்தாம் வாய்க்காலுக்கும் வியாழக்கிழமை என்று வாசித்தார். மூன்றாம் வாய்க்கால்காரர் எழும்பினார்கள். ஐந்தாம் வாய்க்கால்காரரும் எழும்பினார்கள். அரை மணித்தியாலம் சண்டை. கடைசியில் பட்டியலைப் பிடுங்கி வேறு ஒருவர் வாசித்தார்.

வீட்டுக்கு வந்து அப்பா கதிரையில் இருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நீதானே முறிச்சனீ?"

"ஓம்."

"ஏன்?"

"நாலு வருசமா நான் அப்பிடித்தான் படிக்கிறன் அப்பா. நீங்கள் ஒரு பின்னேரம்தானே."

அடி விழும் என்று நினைத்து, எந்தப் பக்கம் விழுந்தாலும் வலது பக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கையை உயர்த்திக்கொண்டேன். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்து வந்தார். எங்கே கையெழுத்து என்று பார்க்கக் கண்ணாடியைப் பிடித்தார். பேனை பிடிக்கக் கை போதவில்லை. நான் என் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை விட்டுவிட்டு, கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாவது ஒப்பரேஷனுக்கு அப்பாவே வந்தார். காதைத் தூக்கி, பின்னால் முட்டுக் கொடுத்து, அந்த இடத்துக்குத் தொடையில் இருந்து தோல் எடுத்து வைத்தார்கள். இந்த முறையும் காது நோகவில்லை, தொடை எரிந்தது. பத்து நாள் கோழி மாதிரி நடந்தேன். அப்பா வாட்டில் யாரையும் கிட்ட விடவில்லை. ஒரு கதிரையை என் வலது பக்கத்தில் போட்டுக் காவல் இருந்தார். மருந்து கட்ட வந்த மிஸ்ஸிடமே, கையில் என்ன என்று கேட்டார்.

காயம் நன்றாக ஆற மூன்று மாதம் சென்றது. அதற்குப் பிறகு ஒரு நாள் நானும் அம்மாவும் கிளிநொச்சிக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் புதுக் கண்ணாடியை என் முகத்தில் வைத்து, கையை எடுத்தார். நின்றது. குனியச் சொன்னார், குனிந்தேன். நின்றது. ஆனால் சரிந்திருந்தது, புதுக் காது மற்றதை விடக் கொஞ்சம் கீழே. அம்மாவின் முகம் உடனே விழுந்தது. பசையால்தானோ என்று கேட்கத் தொடங்கினார். கடைக்காரர் கேட்டுக்கொண்டே கண்ணாடியின் கையைச் சூடாக்கி வளைத்தார்.

"முப்பது வருசமாக் கண்ணாடி பூட்டுறன், தங்கச்சி," என்றார் என்னிடம். "ரெண்டு காதும் ஒரே உயரத்தில உள்ள ஆளை இன்னும் நான் காணேல்ல."

திரும்ப வைத்தார். நேராக இருந்தது. இரண்டு கையும் சும்மா இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பஸ் நிலையத்துக்கு வந்தோம். அம்மாவுக்கும் தூரத்துப் பார்வை குறைவு; ஆனால் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பஸ்களை நிறத்தால் அறிவார். ஒரு சிவப்புப் பஸ் வந்து அந்தப் பக்கம் நின்றது. எங்கள் பஸ் என்று அம்மா பையைத் தூக்கினார். நான் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். இவ்வளவு தூரத்தில் இருந்து ஒரு பெயர்ப்பலகையை நான் வாசித்தது அதுதான் முதல் தரம்.

"அம்மா, அது மல்லாவி பஸ்."

இத்தனை வருடமாக இந்தப் பஸ்ஸில்தான் போகிறேன், உனக்கு என்ன தெரியும் என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரிகிறது என்றேன். நேற்று வந்த கண்ணாடியை வைத்துக்கொண்டு எனக்குப் படிப்பிக்காதே என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போய் ஏறினார். கண்ணாடி நேற்றுக்கூட வரவில்லை, பத்து நிமிடம்தான் ஆகிறது. நான் அசையவில்லை. பஸ் புறப்பட்டது. நூறு யார் தூரம் போய்ச் சடாரென்று நின்றது. அம்மா இறங்கி, பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். இன்னும் வெகு தூரத்தில் இருந்தார், ஆனால் முகம் தெளிவாகத் தெரிந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது. என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்.